அவசரத்துக்கு ஒரு போல்ட்

பிரேக் வேலைக்காகக் கழற்றிய பழைய போல்ட்டின் பக்கத்தில், கவர் பிரிக்காத புது போல்ட் கிடந்தது.

"அண்ணே, உங்க கழுத்து ஏன் இழுத்த மாதிரி மெலிஞ்சிருக்கு?" என்று புதுசு கேட்டது.

"எட்டு வருஷம் உழைச்ச உடம்பு. அப்படித்தான் இருக்கும்" என்றது பழசு.

மெக்கானிக் புதுசை எடுத்தார். கார்க்காரர் மரியதாஸ் தடுத்தார்.

"பழசு நல்லாத்தானே இருக்கு, அதையே போடுங்க. புதுசு ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும்."

புதுசு டேஷ்போர்டுக்குள் பத்திரமாகப் போனது.

மூன்றாம் நாள் மலையிறக்கத்தில் மரியதாஸ் பிரேக்கை மிதித்தார். சக்கரத்துப் பக்கம் 'டக்'கென்று ஒரு சத்தம்.

"அண்ணே?" என்று கூப்பிட்டது புதுசு.

பதில் இல்லை.

அவசரம் வந்துவிட்டது என்று அதற்குப் புரிந்தது. கவரைத்தான் இன்னும் யாரும் பிரிக்கவில்லை.