எங்க வீட்டு வியாதி

"எல்லாம் ஜீனு, டாக்டரம்மா. பத்திரிகையிலயே போட்டிருந்தான்," என்றார் ராஜபாளையம் மில் முதலாளி காளிராஜ். "எங்க வீட்டுப் பொம்பளைகளுக்குப் பைத்தியம் பரம்பரையா வருது. சித்தி கிணத்துல குதிச்சாவ. அண்ணிக்குப் பேச்சே நின்னுபோச்சு. இப்போ எம் பொண்டாட்டி இவ."

அவளைக் காட்டக் கையை நீட்டியதும், செல்லக்கனி சட்டென்று முகத்தை மூடிக்கொண்டாள்.

டாக்டர் பரிபூரணம் பேனாவை மூடி வைத்தார். "உங்க கூடப் பொறந்த பொம்பளைக?"

"நாலு தங்கச்சிக. கட்டிக்குடுத்த எடத்துல ராணி மாதிரி இருக்காளுக!"

"அப்போ இவங்க மூணு பேரும்?"

"எங்க ரத்தத்தைக் குத்தம் சொல்லாதீக!" என்று சிலிர்த்துக்கொண்டார் காளிராஜ். "அதுக மூணும் வேற வேற ஊர்ல இருந்து எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுக."

"சிஸ்டர்," என்றார் டாக்டர். "இந்தப் பொண்ணுக்கு மருந்து வேண்டாம். சேத்தூர்ல இருக்கிற அவ அப்பாவை உடனே வரச்சொல்லுங்க."