ஒரேயொரு பிரதி

பல்கலைக்கழக நூலகத்தின் தேடல் பெட்டியில் கிளடிஸ் மறுபடியும் அந்தப் புத்தகத்தின் பெயரைத் தட்டினாள். மூன்று கிழமையாகச் சொல்கிற அதே பதிலையே அது சொன்னது.

ஒரு பிரதி. இரவலில் உள்ளது.

"எந்த அறுவான் வைச்சிருக்கிறானோ," என்று கணினியைப் பார்த்தே திட்டினாள்.

அவளுடைய கட்டுரைக்கு வேண்டிய மற்றதெல்லாம் கிடைத்துவிட்டது. முதல் தேடலில் நாற்பதாயிரம் கட்டுரைகள் வந்து கொட்டின. பத்து வருடத்துக்கு உட்பட்டவை, கனடாவைப் பற்றியவை என்று ஒவ்வொரு பெட்டியாகச் சரி போட்டு அறுபதாகக் குறைத்து, அதில் ஏழைப் பொறுக்கியிருந்தாள்.

ஆனால் இந்தப் புத்தகம் கட்டாயம் வேண்டும் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். முதியோர் இல்லங்களில் வேலை செய்கிற பெண்களைப் பற்றியது. இணையத்தில் கிடையாது.

வெள்ளிக்கிழமை கட்டுரை கொடுக்க வேண்டும். பிந்தினால் நாளுக்கு ஐந்து புள்ளி வெட்டு. ஐம்பத்தொரு வயதில், முதியோர் இல்ல வேலையையும் செய்துகொண்டு, இரண்டாம் வருடம் வரை இழுத்து வந்த படிப்பு இது.

இரவல் எடுத்தவரிடமிருந்து புத்தகத்தைத் திருப்பிக் கேட்க ஒரு பொத்தான் இருந்தது. யாரோ ஒரு பிள்ளை, படித்துவிட்டுப் போகட்டும் என்று இவ்வளவு நாளும் அதைத் தொடாமல் விட்டிருந்தாள்.

இன்றைக்கு அழுத்தினாள்.

இந்தப் புத்தகம் ஏற்கெனவே உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்றது நூலகம்.

இரண்டு தரம் வாசித்தாள். பிறகுதான் பொறி தட்டியது.

வாசித்து முடித்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுப்பது கணவர் அன்புராசாவின் பொறுப்பு. அவர் ஓட்டுகிற பாண் லொறி நூலகப் பக்கமாகத்தான் போகும். போன மாதம் ஒரு நாள் புத்தகங்களோடு அவளுடைய மாணவர் அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இரவல் பதிகிற இயந்திரம் அட்டையைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது.

அவரைத் தொலைபேசியில் அழைத்தாள். ரெக்ஸ்டேலில் பேக்கரி வாசலில், மத்தியானச் சாப்பாட்டுக்காக லொறியை நிறுத்தியிருந்தார். புத்தகம் எங்கே என்று கேட்டாள்.

"என்னட்டைத்தான். உம்மடை லிஸ்ற்றிலை பேரைப் பார்த்திட்டு எடுத்தனான். அகராதியோடை இப்பதான் பதினெட்டாம் பக்கம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு நாளைக்கு இத்தினை பேரைத் தூக்கி இருத்துறனீர் எண்டு எனக்குத் தெரியாதப்பா. நீர் ஒரு நாளும் சொல்லேல்லையே," என்றார்.

திட்டத்தான் அழைத்திருந்தாள்.

"ஆறுதலா வாசியுங்கோ," என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

பிறகு ஒரு கிழமை தவணை கேட்டுப் பேராசிரியைக்கு மின்னஞ்சல் எழுதினாள். நூலகத்தில் இருப்பது ஒரேயொரு பிரதி, எடுத்தவர் இன்னும் வாசித்து முடிக்கவில்லை, அவரை அவசரப்படுத்த எனக்கு மனமில்லை.