கூரை ஒட்டாத அறை

சாயங்கால வெயில் மேசையில் சரிந்து கிடக்கிறது. பொம்மைத் தண்டவாளத்தின் ஓரத்தில், உள்ளங்கைக்குள் அடங்குகிற கேட் கீப்பர் அறை. அட்டைச் சுவரில் ஒவ்வொரு செங்கல்லையும் வீட்டுக்காரர்தான் ஊசியால் கீறியிருக்கிறார். கூரை மட்டும் தனியாகக் கிடக்கிறது. அதை ஒட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்று வாரமாகிறது. "நாளைக்கு ஸ்கூல்லேருந்து வந்து, பசங்க பார்க்கட்டும்னு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஒட்டிடும்மா," என்று மகன் பசையை நீட்டுகிறான். "இந்தப் பொம்மை ரயிலையே கட்டிக்கிட்டு அழுங்க!" என்று முப்பது வருஷம் வாசலில் நின்றே திட்டிவிட்டுத் திரும்பியவள், இன்றைக்குத்தான் அவர் ஸ்டூலில் உட்கார்கிறாள். குனிந்து பார்க்கிறாள். உள்ளே நகக்கண் அளவு காலண்டர், தீக்குச்சி மேசை, இரண்டு நாற்காலி. "கூரை போட்டா ஒண்ணுமே தெரியாது. அதுவும் கேட் கீப்பர் ஒத்த ஆளு, எதுக்கு ரெண்டு நாற்காலி?" என்று மகன் சிரிக்கப் பார்க்கிறான். அதில் ஒரு நாற்காலியில், முதுகுக்கு முட்டுக் கொடுத்தாற்போல, பருப்பளவு பச்சைத் தலையணை. சமையலறையில் அவளுடைய நாற்காலியில் இருக்கிறதே, முதுகுவலிக்கு வைத்தது, அதே பச்சை. அவள் பசையை வாங்கி மூடி போடுகிறாள். "இருடா. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு ஒட்டுறேன்."