தண்ணி வாகு

"சொன்ன வாக்கு மாறக்கூடாது, டெரிக். இன்னைக்குப் போற ஊர் எனக்குப் பிடிச்சுப்போச்சுன்னா, நம்ம வீட்டை வித்துட்டு அங்க போயிடணும்."

"சரி, மாவிஸ்" என்றார் டெரிக். மனசெல்லாம் கொல்லையில் காய்த்துக் குலுங்கும் அவரைப் பந்தலில் இருந்தது. அதை விட்டுவிட்டு எங்கே போவது?

"எங்க பார்த்தாலும் இருக்கிற அதே காபிக்கடை, அதே மருந்துக்கடை. இதெல்லாம் ஒரு ஊரா?" என்று மாவிஸ் புலம்பாத நாள் இல்லை. சொந்த ஊர்க் கடைத்தெருப் பக்கம் அவள் தலைவைத்துப் படுத்தே வருஷக்கணக்காகிறது. வேண்டியதெல்லாம் வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

இன்றைய பயணம் மர்மச் சுற்றுலா. போய் இறங்கும்வரை எந்த ஊர் என்று சொல்லமாட்டார்கள். வீட்டுத் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்ட பேருந்து கிளம்பியதுமே மாவிஸ் குறட்டைவிட ஆரம்பித்தாள். வெளியே பேய்மழை.

"எழுந்திரு. ஊர் வந்தாச்சு."

ஒரே குடைக்குள் ஓட்டமும் நடையுமாகப் போய், எதிரே இருந்த காபிக்கடைக்குள் நுழைந்தார்கள்.

"என்ன கண்ணு வேணும்?" என்றாள் கடைக்காரப் பெண்.

மாவிஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா? கண்ணுன்னு கூப்பிடுறா. நம்ம ஊர்ல யாருக்காவது இப்படி வாய் வருமா?"

"இதே கடை நம்ம ஊர்லயும் இருக்கே."

"இருந்தா? இந்த ருசி வருமா அங்க? எல்லாம் தண்ணி வாகு." ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். "அந்த மருந்துக்கடையைப் பாரு, எவ்வளவு பாந்தமா இருக்கு. முடிவு பண்ணிட்டேன். இருந்தா இனி இந்த ஊர்லதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"மாறமாட்டேன். நீ மாறாம இருந்தாப் போதும்."

"வாக்குன்னா வாக்குதான். சாகிறவரைக்கும் இந்த ஊர்லயே இருந்துடலாம்."

மாவிஸ் அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். "அவரைப் பந்தலை விட்டு நகரமாட்டேன்னு அடம்பிடிச்ச ஆளு, எப்படி உடனே ஒத்துக்கிட்டே?"

டெரிக் கடைசி வாய் கேக்கை ரசித்து மென்றார்.

"நீ தூங்கிட்டிருந்தப்ப, வெள்ளம்னு பாலத்தை மூடிட்டாங்க. டிரைவர் பஸ்ஸைத் திருப்பி, நம்ம ஊர்க் கடைத்தெருவுலயே கொண்டுவந்து இறக்கிவிட்டுட்டான். காபியைக் குடி கண்ணு, எதிர்ல நிக்கிற டவுன் பஸ்ல ஏறினா பத்து நிமிஷத்துல நம்ம வீடு."