உதட்டைக் குவித்து ஊதவும்

மூச்சை ஆளத் தெரிந்தவனே உலகை ஆள்வான் என்று அறிவித்துவிட்டு, மன்னவனூர் நல்லசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வெந்நீருக்குக் காத்திருந்தார்.

“வெந்நி எங்க? வெரசா கொண்டா. மூக்கால இழுத்து, உதட்டைக் குவிச்சு விடுற நேரம்.”

அவர் மனைவி சோலையம்மாள் விறகடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். “இருங்க, செத்த நின்னு மூச்சு வாங்கிட்டு வாரேன். பூண்டுக் காட்டுச் சோலி அப்படியே கெடக்கு. நீங்க பத்து நாளா ஒக்காந்து மூச்சு விடுறீங்க.”

“இது பயிற்சி. ஒனக்கு என்ன தெரியும்?”

கொடைக்கானல் ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் கூப்பிட்டார். “மூச்சுத்திணறல் எப்படிங்கய்யா இருக்கு?”

“துளியும் இல்லம்மா. ரெண்டு வேளையும் தவறாம செய்றேன்.”

“நீங்க ஏன் செய்றீங்க? உங்க வீட்டம்மாவுக்குச் சொல்லிக்குடுக்கத்தான உங்களுக்குக் கத்துக்குடுத்தேன்?”

“அவளுக்கு எங்கம்மா நேரமிருக்கு?” என்றார் நல்லசாமி.