பியூலா கட்டிய பட்டை

துறைமுகத்தில் மூட்டை தூக்க வேண்டுமென்றால் வாரம் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டாக வேண்டும். கிளாட்வினுக்குத் தோள் தடித்தது. கூடவே இதயமும் தடித்துப்போனது. மூட்டையோடு பத்துப் படி ஏறினாலே, இதயத் துடிப்பைக் கம்பெனி மெஷினுக்கு அனுப்பும் மார்புப் பட்டையில் சிவப்பு விளக்கு எரியும். மூன்று தடவை எரிந்தால் வேலை போச்சு.

அதனால் அவர்கள் தெருவில் புருஷன்மாரின் பட்டையைப் பெண்டாட்டிகள்தான் வீட்டிலிருந்தபடி கட்டிக்கொள்வார்கள். வேலை நேரம் முடிகிறவரை சண்டை கிடையாது, மாடிப்படி கிடையாது. கிளாட்வினின் மனைவி பியூலா நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள்.

பதினோரு மணிக்குக் கூட்டாளி ஜெபமணி போன் செய்தான்.

“மதினி, அண்ணன் மூட்டையோட சரிஞ்சிட்டாரு. மூச்சு இழுக்கு.”

“ஆம்புலன்ஸக் கூப்பிடுலே!”

“உள்ள கம்பெனி வண்டி மட்டுந்தான் வரும். மெஷின்ல பச்சை எரியுதாம், அண்ணன் நடிக்கிறாருங்கிறாங்க. சிவப்பு வந்தாத்தான் வண்டிய எடுப்பாங்களாம்.”

பியூலா போனும் கையுமாக ஓடினாள். மாடிப்படியில் ஏறி இறங்கினாள், மறுபடி ஏறினாள், விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு மறுபடியும் ஏறினாள். விளக்கு மஞ்சளானது. அதற்கு மேல் போகவில்லை. ஊசி படாத இதயம். எவ்வளவு ஓடினாலும் தாங்கிக்கொண்டது.

“மதினி,” என்றான் ஜெபமணி. “போதும். இனிமே ஓட வேண்டாம்.”

அவள் வாயைத் திறந்தாள்.

“அழுதுராதீங்க. வேலை முடிஞ்சு வெளிய வச்சு விழுந்தாருன்னு சொல்லிக்கிறோம். இல்லாட்டி எல்லார் பட்டையையும் சோதிப்பாங்க. உட்காருங்க மதினி. ஆறு மணி வரைக்கும் அண்ணனுக்குப் பச்சைதான் எரியணும்.”