பெண்கள் இழுக்கும் மேடு

"தொப்பியைக் கழட்டுங்க, எல்டர்! ஓரமா நில்லுங்க. மூச்!"

கைவண்டியின் குறுக்குக் கட்டைக்குள் நுழைந்துகொண்டு உத்தரவு போட்டாள் ஆர்லா. வயது எழுபத்திரண்டு. பின்னால் காலித் தண்ணீர்ப் பீப்பாய்கள் ஏற்றிய மரவண்டி. எதிரே மணல் மேடு.

"இன்னிக்குமா?" என்றார் அவள் கணவர் டெல்மர். "மூணு வாரமா முட்டி வலி முட்டி வலின்னு புலம்புற. அப்புறமும் நீயே இழுக்கணுமா? ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தா அஞ்சு நிமிஷ வேலை!"

"இது பெண்கள் இழுப்பு. ஆம்பளை கை படக்கூடாது. சட்டம் போட்டது நானா?"

அந்தச் சட்டம் டெல்மருக்கும் தெரியும். நூற்றெழுபது வருஷங்களுக்கு முன் இந்த வயோமிங் பொட்டல் வழியே கைவண்டி இழுத்துக்கொண்டு குடியேறப் போன அவர்களுடைய கிறிஸ்தவ சபை மக்களில் ஆண்கள் பலர் பனியில் செத்துப்போக, மிச்ச தூரத்தைப் பெண்களே இழுத்துக் கடந்தார்கள். அதன் நினைவாக, இங்கே வருகிற குழுக்களில் பெண்கள் மட்டும் இந்த மேட்டில் வண்டி இழுப்பார்கள். ஆண்கள் இரண்டு பக்கமும் தொப்பியைக் கழற்றி, வாய் திறக்காமல் நிற்க வேண்டும். போன மாதம் மகள் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் வண்டியில் கை வைத்த ஒரு தகப்பனை, அத்தனை பேர் முன்னால் அதட்டி விலக்கியவரே டெல்மர்தான். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் விதியை மீறுவார்?

ஐடஹோவில் இருந்த மாட்டுப் பண்ணையை மகன் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றரை வருடச் சபை ஊழியத்துக்கு இருவரும் இங்கே வந்து ஏழு மாதம் ஆகிறது. ஊழியத்தில் இருக்கும் ஆணை, பெண்டாட்டியே ஆனாலும் 'எல்டர்' என்றுதான் கூப்பிடுவாள். பகலில் வருகிறவர்களுக்கு வழி காட்டுவார்கள். சாயங்காலம் ஆற்றங்கரையில் கிடக்கும் வண்டியை மேட்டின் மேலே கொட்டகையில் சேர்ப்பார்கள். பக்கத்து ஊரான கேஸ்பர் அறுபது மைல்.

"குழு வந்திருக்கிறப்ப சட்டம் சரி. இப்ப இங்க யாரு இருக்கா? நீயும் நானும் அந்த மான் கூட்டமும்தானே?"

"சனிக்கிழமை அறுபது பொண்ணுங்க வர்றாங்க. நான் இழுக்காத மேட்டை அதுங்களை இழுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. பழகிக்கிறேன். தொப்பி!"

தொப்பியைக் கழற்றினார். வழுக்கையில் காற்று அறைந்தது.

ஆர்லா குனிந்து, மூச்சைப் பிடித்து இழுத்தாள். சக்கரம் மணலில் முனகிக்கொண்டே ஏறியது. பாதி மேட்டில், "அம்மா... முட்டி!" என்று அலறினாள். வண்டி ஓரடி பின்வாங்கியது.

டெல்மர் பதறிப்போய் இரண்டு எட்டு வைத்துவிட்டார்.

"அங்கேயே நில்லுங்க! கை பட்டுச்சுன்னா அந்தத் தகப்பனுக்கு இன்னிக்கே மன்னிப்புக் கடிதம் எழுதணும், பார்த்துக்குங்க!"

நின்றார். தொப்பியைக் கசக்கினார். இந்த மணலில் அவள் விழுந்து கால் ஒடிந்தால் ஆம்புலன்ஸ் வரவே ஒரு மணி நேரம் ஆகும். ஊழியமும் அன்றோடு முடிந்துபோகும். பால் கறந்துகொண்டே நாற்பது வருஷம் அவள் கண்ட ஒரே கனவு இந்த ஊழியம்தான். அது தன் கண் முன்னாலேயே கலைந்துவிடுமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. கண் கலங்கியது.

ஒருவழியாக வண்டி மேலே போய்ச் சேர்ந்தது. டெல்மர் பின்னாலேயே ஏறினார். நடுவில் இரண்டு முறை நின்று, இடுப்பில் கை வைத்து மான் கூட்டத்தை வேடிக்கை பார்த்தார். அவர் வந்து சேரும்வரை ஆர்லாவும் அவசரமில்லாமல் மான்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும், ஆர்லா. பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணும். நான் மிஷன் தலைவருக்கு எழுதப் போறேன்."

"என்னன்னு?"

"என் பொண்டாட்டி முட்டி தாங்கலை, எங்க ரெண்டு பேரையும் காட்சிக் கூடத்துல உட்கார்ற வேலைக்கு மாத்துங்க, மேட்டு வேலைக்கு வேற ஜோடியை அனுப்புங்கன்னு."

"நாற்காலியைத் தேய்க்கவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்? ஊர்ல சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டும். அடுத்த வாரம் கேஸ்பர் போய் டாக்டர்கிட்ட உன்னைக் காட்டியாகணும்."

"அதானே! நான் ஊசி குத்திக்கணும், நீங்க வெளியில உட்கார்ந்து பத்திரிகை புரட்டணும். நீங்களும் தலையிலேருந்து கால்வரைக்கும் காட்டுறதா இருந்தா வரேன்."

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்ப சரி. நாளைக்கும் பெண்கள் இழுப்புதான்."

"காட்டித் தொலைக்கிறேன், தாயே! அம்பது வருஷமா உன்கிட்ட நான் எதுல ஜெயிச்சிருக்கேன்?"

ட்ரெய்லர் வீட்டுக்குள் நுழைந்ததும் மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். தனக்காக யாரிடமும் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்டறியாத மனுஷர், மனைவிக்காகக் கெஞ்சிக் கெஞ்சி இரண்டு பக்கம் எழுதினார்.

"என் முட்டியைப் பத்தி நல்லா அழுத்தி எழுதுங்க!" என்று உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தாள் ஆர்லா.

பிறகு சத்தமில்லாமல் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த அவருடைய ஞாயிற்றுக்கிழமை ஷூவுக்குள் கையை விட்டு, நெஞ்சு வலிக்கும்போது நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள அவர் அவளுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த மாத்திரைப் புட்டியை எடுத்துப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன் ஷூவுக்குப் பாலிஷ் போடப் போய் முதன்முதலாக அது கையில் அகப்பட்ட அன்றைக்குத்தான், அவளுக்கு முட்டி வலியே ஆரம்பித்தது.